வருடம் இரண்டு முறை கடிகாரத்தைத் திருப்புவது தேவைதானா?

முத்தியால்பேட்டை மகன்:
தங்கை பாரிஸ் பக்கம் இருக்கிறாள். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் அப்பாவுக்குப் போன் செய்வாள். கோடையில் அது நமக்கு இரவு ஒன்பதரை, அப்பா விழித்திருப்பார். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டால் அதே போன் பத்தரைக்கு வருகிறது. அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஒன்பதே முக்காலுக்குப் படுத்துவிடுவார். மார்ச் கடைசி ஞாயிறு கோடை நேரத்துக்காக மறுபடி ஒரு மணி நேரம் முன்னால் வைக்கும் வரை, ஐந்து மாதம், வார நாட்களில் மகள் குரல் கேட்காது. புதுச்சேரியில் பிரான்ஸோடு உறவுள்ள எத்தனையோ வீடுகளில் இதே நிலைதான்.

2018இல் ஐரோப்பிய ஆணையம் கருத்துக் கேட்டபோது 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். அதில் 84 சதவீதம் பேர் இந்த மாற்றமே வேண்டாம் என்றார்கள். 2021இல் நிறுத்திவிடலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் 2019 மார்ச்சில் வாக்களித்தது. உறுப்பு நாடுகளின் அரசுகள் ஒத்துவராததால் அப்படியே கிடக்கிறது. எதற்காக இன்னும் இதைக் கட்டி அழ வேண்டும்?

சர்செல் தமிழச்சி:
தம்பி, அப்பாவை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் மறுக்கிறேன். புதுச்சேரியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. இங்கே பாரிஸ் பக்கத்துச் சர்செலில் ஜூனில் பகல் பதினாறு மணி நேரம், டிசம்பரில் எட்டேகால். ஜூனில் சூரியன் மறைய இரவு பத்தாகிறது. வேலை விட்டு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, அப்புறம் பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாலும் வெளிச்சம் இருக்கும். குளிரில் அடைந்து கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே ஒரு வருடம் இருந்து பார்த்தால் தெரியும். கடிகாரத்தை மாற்றாவிட்டால் காலை நாலே முக்காலுக்கே விடிந்து, அந்த ஒரு மணி நேர வெளிச்சம் தூக்கத்திலேயே போய்விடும்.

கோடை நேரத்தையே வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் சிலர். அப்போது டிசம்பர் கடைசியில் சூரியன் உதிக்க ஒன்பதே முக்கால் ஆகும். பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் கெடாமல் இருக்கத்தான் இந்த மாற்றம்.

முத்தியால்பேட்டை மகன்:
அந்தப் பத்து மணி வெளிச்சம் சூரியன் தந்தது இல்லை, அக்கா. பாரிஸ் இருக்கும் இடத்துக்கு லண்டன் நேரம்தான் பொருந்தும். 1940இல் ஜெர்மனி பிடித்தபோது பெர்லின் நேரத்தைத் திணித்தது, போர் முடிந்த பிறகும் அதுவே நின்றுவிட்டது. அதன் மேல் 1976இல், எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரம் மிச்சம் பிடிக்க, கோடைக்கு இன்னொரு மணி நேரம். எல்லாம் மனிதர்கள் போட்டதுதான், மனிதர்களே எடுத்துவிடலாம்.

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்):
நான் அமெரிக்க நிறுவனத்துக்கு இரவு வேலை பார்க்கிறவன். நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் கோடையில் நமக்கு ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவர்கள் மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஐரோப்பா மாற்றும் நாள் வேறு. மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் லண்டன், நியூயார்க் இரண்டும் சேர்ந்த கூட்டம் என்றால் யாராவது ஒருவர் தவறான நேரத்தில் வந்து நிற்பார். அதனால் இரண்டு முறை மாற்றுவதை நானும் ஆதரிக்கவில்லை.

ஆனால் நம் நேரத்தை ஒரே தடவை அரை மணி முன்னால் தள்ளிவைக்கலாம் என்று பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனத்து அறிஞர்கள் சொன்ன யோசனை எனக்குப் பிடிக்கும். நவம்பரில் இங்கே ஐந்தே முக்காலுக்குள் இருட்டிவிடுகிறது. சில்வர் பீச்சில் பிள்ளைகள் ஆட்டத்தைப் பாதியில் விட்டுக் கிளம்புகிறார்கள். வீடு, கடை எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிய, அந்தச் சமயம் பார்த்து சூரிய மின்சாரமும் நின்றுவிடுகிறது. பக்கத்தில் நெய்வேலி இருக்கிற நமக்கு அதன் அர்த்தம் தெரியும்: அந்த நேரத்துக்கு நிலக்கரி எரிக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம் செல்வி:
அண்ணா, மாலையைப் பற்றிச் சொன்னீர்கள், காலையைச் சொல்லவில்லை. ஜனவரியில் இங்கே விடியவே ஆறரை. அரை மணி தள்ளினால் ஏழு. என் மகள் ஆறே முக்காலுக்குப் பள்ளி வண்டி ஏறுகிறவள். தெருமுனையில் இருட்டில் நிறுத்தச் சொல்கிறீர்களா? வீட்டுக்காரர் மூன்று மணிக்கே கடலுக்குப் போகிறார், அவருக்குக் காற்றும் நீரோட்டமும்தான் கணக்கு. பள்ளி, ரேஷன் கடை, பேருந்து என்று கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு ஓடுவது நானும் பிள்ளையும்தான்.

இலங்கை இதைச் செய்து பார்த்தது. மின் தட்டுப்பாட்டுக்காக 1996 மே மாதம் ஒரு மணி நேரம் முன்னால் வைத்தார்கள். அக்டோபரில் அரை மணி குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் நம் நேரத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள். நல்ல பலன் இருந்திருந்தால் ஏன் விட்டார்கள்?

கடலூர் ஓ.டி.:
பிள்ளை விஷயம் நியாயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளியை அரை மணி தாமதமாகத் திறக்கலாம் என்றால், அப்புறம் கடிகாரத்தைத் தொட்டதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். மின்சாரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முத்தியால்பேட்டை மகன்:
மின்சாரமும் உறுதி இல்லை. அமெரிக்காவில் 2007இலிருந்து கோடை நேரத்தை நான்கு வாரம் நீட்டியதில் வருட மொத்தத்தில் மிச்சமானது 0.03 சதவீதம் என்று அவர்கள் எரிசக்தித் துறையே சொன்னது. இண்டியானா மாநிலத்தில் ஆராய்ந்தபோது வீடுகளில் செலவு ஏறியிருந்தது. விளக்கில் மிச்சம், ஏசியில் செலவு. நம் வெயிலுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கூட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சர்செல் தமிழச்சி:
மின்சாரத்துக்காக நான் வாதாடவே இல்லை தம்பி, சாயங்கால வெளிச்சத்துக்காகத்தான். அதை நான் விடுவதாக இல்லை. ஒன்று கேட்கிறேன், தங்கை ஏன் மாலையில்தான் பேச வேண்டும்? மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை இருக்கும். குளிர்காலத்தில் அது உங்களுக்கு ஐந்தரை.

முத்தியால்பேட்டை மகன்:
ஐந்தரைக்கு அப்பா கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் உட்கார்ந்திருப்பார். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர். இன்றைக்கே சட்டைப் பையில் போட்டு அனுப்புகிறேன்.