ஆக்சிலரேட்டர் மிதிச்சா ‘டிக்’, 60க்கு மேல ஊளை – எலக்ட்ரிக் கார் சத்தம், உதவுங்க

கோவை வண்டிக்காரன்:
வணக்கம்ங்க. எலக்ட்ரிக் கார் வாங்கி ரெண்டரை வருசம் ஆச்சு, 41,000 கிலோமீட்டர் ஓடிருச்சு, முன்சக்கர டிரைவ். கம்பெனி பேரு வேண்டாங்க, சொன்னா எல்லாரும் வண்டியத் திட்ட ஆரம்பிச்சு சத்தத்த மறந்துருவாங்க. ஒரு மாசமா ரெண்டு சத்தம் வருது. ஒண்ணு, சிக்னல்கிட்ட கால எடுத்து வண்டி மெதுவாகி பச்சை விழுந்ததும் திரும்ப மிதிக்கறப்ப முன்னாடி எங்கியோ ‘டிக்’னு ஒரே ஒரு வாட்டி, டிபன் பாக்ஸ் மூடிய நகத்தால சுண்டுன மாதிரி. ரிவர்ஸ்ல எடுத்துட்டு டிரைவ் போட்டு நகத்துனாலும் அதே. இன்னொண்ணு 60 தாண்டுனா ஊஊஊன்னு ஒரு ஊளை, வேகம் ஏற ஏற அதுவும் ஏறுது. சர்வீஸ்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு “சார், இன்ஜின் சத்தம் இல்லாததால உங்களுக்குக் கேக்குது, நார்மல்தான்”னு சொல்லி வண்டியக் கழுவிக் குடுத்து அனுப்பிட்டாங்க. மோட்டார் போகப்போகுதோன்னு தூக்கம் வரலீங்க.

சேலத்துப் பையன்:
அது நடந்து போறவங்களுக்காக ஸ்பீக்கர்ல விடுற சத்தமா இருக்கும் ப்ரோ. ஐரோப்பால 2021 ஜூலைல இருந்து புது எலக்ட்ரிக் கார் எல்லாத்துக்கும் கட்டாயம்.

ஆயில்கை:
தம்பி, அந்த ஸ்பீக்கர் சத்தம் சுமார் 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்தான், இவருக்கு ஊளை கேக்குறது 60க்கு மேல. அது இல்ல.

வண்டிக்காரரே, ரெண்டு சத்தத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க, வேற வேற வியாதி மாதிரி தெரியுது. முதல்ல ஊளை. காலியான ரோடாப் பாத்து 70ல போயி நியூட்ரல்ல விடுங்க (பார்க்கிங் பட்டன்ல மட்டும் கை வச்சிராதீங்க). நியூட்ரல்லயும் மோட்டார் சுத்திக்கிட்டேதான் இருக்கும், கிளட்ச் கிடையாதுல்ல, ஆனா கியர் பல்லு மேல லோடு இருக்காது. 60ல சக்கரம் நிமிசத்துக்கு ஏறக்குறைய 500 சுத்து, ரிடக்சன் கியர் (மோட்டார் வேகத்தக் குறைச்சு சக்கரத்துக்குக் குடுக்குற கியர்) 9க்கு 1னு வச்சா மோட்டார் 4,500 சுத்து, அந்த வேகத்துல பல்லு சத்தம்னா மெல்லிசா விசில் மாதிரி இருக்கும், நியூட்ரல்ல விட்டதும் அடங்கும். நியூட்ரல்லயும் அப்படியே ஊளை விட்டா மோட்டார் மேல பழி போடாதீங்க, பேரிங் இல்லைன்னா டயர்.

அந்த ‘டிக்’குக்கு ஒரு கேள்வி. ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா ஓட்டுனா டக் டக் டக்னு தொடர்ந்து வருதா, இல்ல ஒரே ஒரு வாட்டிதானா? ரீஜென் (கால எடுத்ததும் மோட்டாரே பிரேக் மாதிரி பிடிச்சு பேட்டரிய ஏத்துறது) எந்த அளவுல வச்சிருக்கீங்க?

கோவை வண்டிக்காரன்:
ஒடிச்சாலும் தொடர்ந்து வரலீங்கண்ணா, ஒரே வாட்டிதான். ரீஜென் எப்பவும் ஃபுல்லு. இன்னிக்குக் காலைல நீலாம்பூர் பைபாஸ்ல நியூட்ரல் போட்டுப் பாத்தேன், ஊளை கொஞ்சங்கூட குறையல!

தூத்துக்குடி உப்பு:
அப்போ இடமும் வலமும் லேசா வளைச்சுப் பாருங்க அண்ணே. வலப்பக்கம் திரும்பறப்ப சத்தம் கூடுச்சுன்னா எடை இடப்பக்கம் சாயுது, இடது பேரிங்க சந்தேகப்படணும். மாறவே இல்லைன்னா வண்டிய நிறுத்திட்டு டயர் மேல உள்ளங்கைய வச்சு முன்னும் பின்னும் தடவுங்க. என் வண்டில ஒரு பக்கம் தடவுனா வழுவழு, எதிர்ப்பக்கம் தடவுனா ரம்பப் பல்லு மாதிரி கைய அறுத்துச்சு. பேரிங் மாத்திட்டு அப்புறமா கண்டுபிடிச்சேன், காசு போச்சு.

ஆயில்கை:
நானும் அதத்தான் சொல்ல வந்தேன். சரி, ‘டிக்’ ஒரே வாட்டின்னா சிவி ஜாயின்ட் (சக்கரம் ஒடிஞ்சாலும் ஷாஃப்ட்டச் சுத்த விடுற மூட்டு) அனேகமா தப்பிச்சுது, அது போயிருந்தா டக் டக்னு தொடர்ந்து வரும். கால எடுத்தா ரீஜென் சக்கரத்த வச்சு மோட்டாரச் சுத்த வைக்குது, மிதிச்சா மோட்டார் சக்கரத்தச் சுத்துது, ஒவ்வொரு வாட்டியும் நடுவுல இருக்குற டிரைவ் ஷாஃப்ட்டு மேல முறுக்கு திசை மாறுது. அந்த ஷாஃப்ட் நுனி சக்கர ஹப்புக்குள்ள (சக்கரத்தோட நடுக்குடம்) போற எடத்துல கிரீஸ் காஞ்சு போச்சுன்னா ஒட்டிக்கிட்டு இருந்து பட்டுனு நழுவும், அதான் அந்தச் சத்தம். மோட்டாரத் தாங்குற மவுன்ட் ரப்பர் போயிருந்தாலும் ஒரு வாட்டிதான் வரும், ஆனா அது ‘தொம்’னு கனமா, சீட்டுல உதைக்கும். ரீஜென சைபர்ல வச்சு ஒரு நாள் ஓட்டுங்க. அப்புறம் கண்ணாடிய எறக்கிட்டு ஒரு காம்பவுண்ட் சுவத்த ஒட்டி மெதுவா ஓட்டி மிதிச்சு விட்டுப் பாருங்க, சுவத்துல பட்டு வர்ற சத்தம் எந்தப் பக்கம்னு காட்டிக் குடுத்துரும். ஆரஞ்சு கேபிள் பக்கம் மட்டும் கை போகக் கூடாது, அதுல ஹை வோல்டேஜ் கரண்ட், சொல்லிட்டேன்.

கோவை வண்டிக்காரன் (9 நாள் கழிச்சு):
லேட்டுக்கு மன்னிக்கணும்ங்க, வீட்ல ஒரு விசேசம். ரீஜென் சைபர் வச்சதும் சிக்னல்ல ‘டிக்’ வர்றது முக்கால்வாசி நின்னுருச்சு, ரிவர்ஸ்ல இருந்து டிரைவ் மாத்துறப்ப மட்டும் வந்துச்சு. எங்க தெரு ஸ்கூல் சுவத்த ஒட்டி நாலு ரவுண்டு போனேன், வாட்ச்மேன் ஒரு மாதிரி பாத்தாரு, இடப்பக்கம்னு தெளிவாத் தெரிஞ்சுது. அத வீடியோ எடுத்து சர்வீஸ்ல காட்டி, ‘சத்தம் வருது’ன்னு மொட்டையாச் சொல்லாம “இடது ஆக்ஸில் நட்டக் கழட்டி ஹப்புல பாருங்க”ன்னேன், சூப்பர்வைசரே லிஃப்ட்டுக்குக் கீழ வந்துட்டாரு. உள்ள துரு கலரா பவுடர் மாதிரி காஞ்சு கெடந்துச்சு. தொடச்சு, கிரீஸ் வச்சு, டார்க் ரெஞ்ச் (அளவு பாத்து முறுக்குற ஸ்பேனர்) போட்டு முறுக்குனாங்க, சத்தம் இல்ல. ஊளை டயர்தாங்க, உள்பக்க ஓரம் ரம்பமேதான். முன்னதப் பின்னால மாத்துனதும் ஊளையும் பின்சீட்டுக்குப் போயிருச்சு. அலைன்மென்ட்டும் அவுட்டா இருந்துச்சாம்.

ஆயில்கை:
நட்டு புதுசு போட்டாங்களா? நெறைய வண்டில அது ஒரு வாட்டி கழட்டுனா தூக்கிப் போட வேண்டியது.

கோவை வண்டிக்காரன்:
புதுசுதாங்கண்ணா. பழச கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன், பாப்பா அத எடுத்து வெளையாடிட்டு இருக்கா.