வீட்டிலேயே பத்து மீட்டர் கிடைத்தது, ஸ்கோர் மட்டும் இறங்குகிறது

பத்துமீட்டர்காரன்:
ஏழு வருடமாக ஏர் ரைஃபிள் சுடுகிறேன், பொழுதுபோக்குக்குத்தான். ரேஞ்சுக்குப் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும், அதனால் வாரத்துக்கு ஒரு தடவை போனாலே பெரிய விஷயம். நாலு மாதம் முன்பு வீடு மாறினோம். பக்கவாட்டில் நீளமான ஒரு ஷெட், சுவருக்குச் சுவர் பன்னிரண்டு மீட்டர் சொச்சம், ஏர் ரைஃபிளுக்குத் தேவை பத்து மீட்டர்தான். அளந்த டேப்பைச் சுருட்டும்போதே மனதுக்குள் டார்கெட் மாட்டிவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பல் தேய்த்த கையோடு நாற்பது குண்டு, வேலை முடிந்து வந்து நாற்பது குண்டு. பையைத் தூக்க வேண்டாம், லேனுக்குக் காத்திருக்க வேண்டாம், அலுவலகத்தில் வாங்கிய திட்டெல்லாம் முதல் பத்து குண்டிலேயே கரைந்துவிடும்.

ஆனால் இரண்டு விஷயம் இடிக்கிறது. முன்பு ஐந்து வாரம் வந்த பெல்லட் (ஏர் ரைஃபிளுக்கான ஈயக் குண்டு) டப்பா இப்போது ஒரு வாரம்கூட வருவதில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ரேஞ்சில் அறுபது குண்டுக்கு, அதாவது 600க்கு, 570 தாண்டிக்கொண்டிருந்தவன் இப்போது அதே ரேஞ்சில் 560க்கே திணறுகிறேன். அதிகமாகச் சுட்டால் முன்னேற வேண்டாமா? இப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

பழைய டயாப்டர்:
ஆகியிருக்கிறது சார், அச்சு அசலாக. காரணம் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது: உங்களுக்கு ஒரு குண்டின் மேல் மரியாதை போய்விட்டது. மூன்று மணி நேரம் போக வர அலைந்து சுடும்போது, பிடி சரியில்லை என்றால் ரைஃபிளை இறக்கி வைத்து மூச்சு விட்டு மறுபடி தூக்குவீர்கள். ஷெட்டில் அதைச் செய்ய மாட்டீர்கள், அடுத்தது இருக்கிறதே என்று விசையை அழுத்திவிடுவீர்கள். தினம் எண்பது தடவை அதைச் செய்தால் கை அதைத்தானே கற்றுக்கொள்ளும்?

நம் டார்கெட்டில் பத்து என்பது வெறும் 0.5 மி.மீ. புள்ளி. குண்டு 4.5 மி.மீ., விளிம்பு தொட்டாலே பத்து என்பதால் குண்டின் மையம் இரண்டரை மி.மீ. வரை விலகலாம். அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற சலுகை. அவசரத்தில் தட்டிய விசை அதைத் தாண்டிவிடும்.

நான் செய்தது இதுதான். வாரத்தில் நாலு நாள் குண்டே போடாமல் டிரை ஃபயர், வெள்ளைச் சுவரைப் பார்த்து. விசை விழும் நொடியில் முன்குறி எங்கே ஆடியது என்பது அப்போதுதான் கண்ணில் படும், குண்டு போட்டால் ஓட்டையைத்தான் பார்ப்போம். மீதி மூன்று நாள் முப்பது குண்டை எண்ணி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு டப்பாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். முதல் வாரம் பைத்தியம் பிடித்தது. டப்பாச் செலவும் தானாகக் குறைந்தது.

ஈயக்கணக்கு:
ஸ்கோரை விடுங்கள், அந்த ஷெட்டில் ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தீர்களா? ஒரு பெல்லட் சுமார் அரை கிராம். தினம் எண்பது என்றால் நாலு மாதத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல், அதாவது ஐந்து கிலோ பக்கம். கட்டியாக இருப்பது பிரச்சினை இல்லை, இரும்புத் தகட்டில் மோதி நொறுங்கும் தூள்தான் வில்லன். உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், அது தூளைக் காற்றில் கிளப்பிவிடும், ஈரத்துணியால் துடையுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடாதீர்கள், குழந்தையை முக்கியமாக. குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே இல்லை. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு செய்கிற ஆசாமிகளைப் பார்த்திருக்கிறேன், அந்த ரகம் நீங்கள் இல்லை என்று நம்புகிறேன்.

குண்டு பிடிக்கும் பெட்டி என்ன? வெறும் தகடு என்றால், காய்ந்து இறுகாத களிமண் மாதிரியான பசை இருக்கிறதே, மின்குழாய் வாயை அடைப்பார்களே, அதைத் தடிமனாக அப்பி வையுங்கள். குண்டு உள்ளே புதைந்துவிடும், தூள் குறையும், மோதுகிற சத்தமும் நன்றாக அடங்கிவிடும்.

கதவோரம்:
மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் யாரும் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கும் இப்படி ஒரு இடம் இருந்தது, ஆறு வருடம். நடுவில் ஒரு பக்கக் கதவு. யாரும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு நாள் ரைஃபிளைத் தோளில் வைத்து மூச்சைப் பிடித்திருக்கும்போது அது திறந்தது, துணிக்கூடையோடு அம்மா. விரல் விசைக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான் சொல்வேன். ரேஞ்சில் இன்னொருவர் பார்த்துக்கொள்வார், கோட்டைத் தாண்டினால் கத்துவார். வீட்டில் கத்துவதற்கும் நாம்தான். உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் ரைஃபிள் பெட்டியையே திறக்க வேண்டும். உங்கள் ஊர்ச் சட்டம் வீட்டில் சுட விடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பது குண்டுக் கணக்கெல்லாம் எனக்குச் சரிப்படாது, ப்ரோ. நான் சுடுவதே மனசு லேசாகத்தான். ஸ்கோர் வேண்டுபவர் எண்ணட்டும்.

பத்துமீட்டர்காரன்:
நன்றி எல்லோருக்கும். உதட்டில் கவ்வும் ரகம் நானேதான், இன்றோடு நிறுத்துகிறேன். என் ஷெட்டிலும் ஒரு பக்கக் கதவு உண்டு, இதுவரை அதை மூடி மட்டும் வைத்திருந்தேன், சாயங்காலம் தாழ்ப்பாள் மாட்டியாயிற்று. குண்டு பிடிக்கும் பெட்டி வெறும் தகடுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வாரம் 'இன்னும் ஆணி அடித்து முடியவில்லையா தம்பி' என்று கேட்டது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது. நாளைக்குப் பசை வாங்கப் போகிறேன். டப்பாவைப் பூட்டும் விஷயம் மட்டும், பழைய டயாப்டர் சார், அடுத்த வாரத்திலிருந்து வைத்துக்கொள்ளலாமா?