நிலவுக்குப் போனவர்களே பேசும் ஆவணப்படம்: ஆர்ம்ஸ்ட்ராங் இல்லாதது குறையா?

இளவேனில்_அப்பா:
வணக்கம். 2007-இல் வந்த 'இன் த ஷேடோ ஆஃப் த மூன்' ஆவணப்படத்தைப் போன வாரம் பார்த்தேன். நிலவுக்குப் போய் வந்த அப்போலோ வீரர்கள் பத்துப் பேர் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள், நடுநடுவே நாசாவின் பழைய படச்சுருள்கள் வருகின்றன, அவ்வளவுதான். முகத்தை மிகக் கிட்டத்தில் காட்டுவதால் பேச்சுக்கு நடுவே அவர்கள் ஒரு நொடி நிறுத்தி யோசிப்பது கூடத் தெரிகிறது. ரொம்பப் பிடித்துப் போனது. ஆனால் இரண்டு கேள்விகள். நீல் ஆர்ம்ஸ்ட்ராங் இல்லாமல் இப்படி ஒரு படம் முழுமையாகுமா? இன்னொன்று, ஏறக்குறைய 35 வருடம் கழித்து ஒருவர் சொல்லும் நினைவை எந்த அளவுக்கு நம்புவது? எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் காட்டலாம் என்றிருக்கிறேன், அவள் கண்டிப்பாக இரண்டாவது கேள்வியைக் கேட்பாள்.

ரேவதி:
ஆர்ம்ஸ்ட்ராங் பொதுவாகவே பேட்டிகளை அதிகம் கொடுத்தவர் இல்லை. லட்சக்கணக்கான பேர் சேர்ந்து செய்த வேலைக்குத் தன்னை மட்டும் முன்னிறுத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. 2012-இல் இறக்கும்வரை அப்படித்தான் இருந்தார்.

என்னைக் கேட்டால் அவர் இல்லாததால்தான் மைக்கேல் காலின்ஸுக்கு இந்தப் படத்தில் இடம் கிடைத்தது. அப்போலோ 11-இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கியபோது தாய்க்கலமான கொலம்பியாவில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போனதும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ரேடியோ தொடர்பே இருக்காது. தனிமையாக உணரவில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்கு இருந்த பயம் வேறு. கீழே இருக்கும் இரண்டு பேரையும் மேலே தூக்கிவர இருந்தது ஒரே ஒரு இன்ஜின், அதற்கு மாற்று கிடையாது. அதனால்தான் அதை முடிந்தவரை எளிமையாகச் செய்திருந்தார்கள், எரிபொருளும் அதை எரியவைக்கும் ஆக்சிகாரியும் ஒன்றை ஒன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீப்பொறி கூடத் தேவையில்லை. அப்படியும் அது பற்றாமல் போனால் காலின்ஸ் தன்னந்தனியாகப் பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான். அதோடு அந்த இன்ஜினை இயக்கும் சர்க்யூட் பிரேக்கரின் முனை இறங்குகலத்துக்குள்ளேயே உடைந்து கிடந்தது. ஆல்ட்ரின் தன்னிடம் இருந்த மார்க்கர் பேனாவை உள்ளே விட்டு அழுத்தித்தான் அதைப் போட்டார்!

திரும்பிய பிறகு உலகம் சுற்றியபோது எந்த நாட்டு மக்களும் 'நீங்கள் அமெரிக்கர்கள் சாதித்துவிட்டீர்கள்' என்று சொல்லாமல் 'நாம் சாதித்துவிட்டோம்' என்றார்கள் என்று காலின்ஸ் சொல்லும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பழைய_ரேடியோ:
தம்பி, உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு, வீரர்களுக்கும் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்கும் நடந்த ரேடியோ பேச்சு ஒலிநாடாவில் இருக்கிறது, எழுத்து வடிவிலும் கிடைக்கிறது. யார் எதை எப்போது சொன்னார் என்று வைத்துப் பார்க்கலாம்.

ஓர் உதாரணம். 1969 ஜூலை 20, ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இருந்த இறங்குகலமான ஈகிள் இறங்கும் நேரம். முதலில் கணினி 1202 என்று எச்சரிக்கை காட்டியது. வேலைப் பளு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அவசரமில்லாத வேலைகளை ஒதுக்கிவிட்டு அது தொடர்ந்து ஓடியது. அப்புறம் இறங்க வேண்டிய இடம் பாறைக்காடாக இருக்க, ஆர்ம்ஸ்ட்ராங் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுத்துத் தாண்டிப் போகிறார். ஹூஸ்டனில் மைக் முன்னால் இருந்த சார்லி டியூக் எரிபொருள் மிச்சத்தைக் கணக்கிட்டு '60 விநாடி' என்கிறார், பிறகு '30 விநாடி'. அங்கிருந்த எல்லோருக்கும் மூச்சு நின்றுபோன நேரம் அது, அன்றைய கணக்குப்படி தரை தொட்டபோது 20 விநாடி கூட மிச்சமில்லை. பிறகு ஆராய்ந்தால் இன்னும் 45 விநாடி அளவுக்குப் பறக்க எரிபொருள் இருந்திருக்கிறது. தொட்டிக்குள் எரிபொருள் அலம்பியதில் குறைவு காட்டும் விளக்கு முன்கூட்டியே எரிந்துவிட்டது.

அவர்களுடைய நினைவைப் பொய் என்று சொல்ல முடியுமா? நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவருக்கு அன்றைக்குத் தெரிந்தது அதுதானே. எண்களை ஆவணத்தில் பாருங்கள், அந்த நிமிடம் எப்படி இருந்தது என்பதை இவர்களிடம் கேளுங்கள் என்று மகளிடம் சொல்லுங்கள். அந்த டியூக்கே 1972 ஏப்ரலில் அப்போலோ 16-இல் போய் நிலவில் நடந்தார், தன் குடும்பப் படம் ஒன்றை அங்கேயே தரையில் வைத்துவிட்டும் வந்தார்.

விண்மீன்_கார்த்தி:
நினைவைச் சந்தேகப்படுகிறவர்கள் படச்சுருளையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். ராக்கெட்டின் கட்டங்கள் பிரியும்போது ஒரு வளையம் சுழன்று எரிந்தபடி கீழே விழும் காட்சியை அப்போலோ பற்றிய படங்களில் அடிக்கடி பார்க்கலாம். அது அப்போலோ 11-இல் எடுத்தது இல்லை, ஆளில்லாத சோதனைப் பயணங்களில் எடுத்தது. கேமராவைத் தனிப் பெட்டகத்தில் வைத்துப் பாராசூட்டில் இறக்கி மீட்டார்கள். அது எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

மகளோடு பார்க்கும்போது இரண்டு விஷயம். 1967 ஜனவரியில் அப்போலோ 1 சோதனையில் தீப்பிடித்து கிரிஸம், வைட், சாஃபி மூவரும் இறந்த பகுதி வரும், முன்னாடியே சொல்லி வையுங்கள். கடைசியில் எழுத்து ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். இதெல்லாம் நாடகம் என்கிறவர்களுக்கு வீரர்களே பதில் சொல்கிறார்கள், ஒன்பது முறை போனோமே, நாடகம் என்றால் எதற்கு ஒன்பது தடவை ஆட வேண்டும் என்று டியூக் கேட்பது அங்கேதான்.

இளவேனில்_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. ரேடியோ அண்ணா சொன்னதை அப்படியே அவளிடம் சொல்லப் போகிறேன். ஆலன் பீன் பேசும்போது அவ்வளவு உற்சாகமாக இருக்கிறாரே, அவரைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா? இதற்கு அடுத்து எதைப் பார்க்கலாம்?

ரேவதி:
பீன் 1969 நவம்பரில் அப்போலோ 12-இல் போனவர். புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் ராக்கெட்டை இரண்டு முறை மின்னல் தாக்கியபோது, கீழேயிருந்து சொன்ன சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. நிலவில் டிவி கேமரா தவறிச் சூரியன் பக்கம் திரும்பிப் பழுதாகிவிட்டதால் அவர்கள் நடந்ததை உலகம் நேரலையில் பார்க்க முடியவில்லை. 1981-இல் நாசாவை விட்டு முழுநேர ஓவியரானார். நிலவில் பயன்படுத்திய சுத்தியலால் வண்ணப் பரப்பில் தடம் பதிப்பார், தன் விண்வெளி உடையில் இருந்த சின்னங்களின் துணுக்குகளை, அதில் ஒட்டிய நிலவுத் தூசியோடு, ஓவியத்திலேயே சேர்ப்பார். அவர் 2018-இல் இறந்தார், காலின்ஸ் 2021-இல். படத்தில் பேசும் லவல், யங், மிட்சல், செர்னன் ஆகியோரும் இப்போது இல்லை. இந்தப் பேட்டிகளை அப்போதே எடுத்து வைத்தது எவ்வளவு நல்ல வேலை!

அடுத்து 2019-இல் வந்த 'அப்போலோ 11' பாருங்கள். அதில் பேட்டியே கிடையாது, முழுக்க அன்றைய காட்சியும் ஒலியும்தான். ஆனால் மகளுக்கு முதலில் இதைக் காட்டுங்கள், ஆட்கள் யார் என்று தெரிந்த பிறகு அது இன்னும் நன்றாகப் புரியும்.