ஆச்சி டம்ளர் எங்கே?

குழு: கோமதி விலாஸ் குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை

பார்வதி (காலை 7:12): கோமு வளைகாப்புக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. பாளையங்கோட்டையில் மண்டபம் முடிவாகிவிட்டது. 150 பேருக்குச் சமையலும் சொல்லியாகிவிட்டது. தண்ணீர் பாட்டில், சின்னது, எட்டுப் பெட்டி போதுமா? கடைக்காரர் இன்றே கேட்கிறார்.

கணேஷ் (7:15): சொதி உண்டா?

வள்ளி அத்தை (7:15): முதலில் பல் தேய்.

கோமு (7:31): அம்மா, பாட்டில் வேண்டாம் என்று சொன்னேனே. பேப்பர் கப்பும் வேண்டாம்.

பார்வதி (7:32): பிறகு கையிலா குடிப்பார்கள்?

சுந்தரம் பெரியப்பா (7:58): கோமு சொல்வது சரி. சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, பேப்பர் கப், உறிஞ்சுகுழல் எல்லாம் அதில் அடக்கம். பேப்பர் கப் பெயரில்தான் பேப்பர். உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருக்கும். அது இல்லாவிட்டால் காபி ஊற்றிய சற்று நேரத்தில் கப் ஊறிக் கையோடு வந்துவிடும். தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை, உண்மைதான். ஆனால் சங்கர் கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் நான் எண்ணினேன். (1/2)

சங்கர் (8:01): அப்பா, என் கல்யாணத்தில் பாட்டில் எண்ணிக்கொண்டா இருந்தீர்கள்?

சுந்தரம் பெரியப்பா (8:09): ஒரே வரிசையில் 21 பாட்டில். பதினேழில் பாதித் தண்ணீர் அப்படியே நின்றது. எல்லாவற்றையும் இலையோடு சேர்த்துச் சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள். எச்சில் இலையை மாடு தின்றுவிடும் என்ற நினைப்பில்தான் வாழையிலை போடுகிறோம். இலைக்குள் பாட்டில் மூடி இருந்தால் மாடு பொறுக்கி எடுத்து வைத்துவிட்டா தின்னும்? (2/2)

சரசு பெரியம்மா (8:10): இவர் எண்ணப் போனதால்தான் வாசலில் தாம்பூலம் கொடுக்க ஆள் இல்லை. சம்பந்தி அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்.

முருகன் (8:22): அண்ணன், மாப்பிள்ளை வீட்டிலிருந்து எழுபது பேர் வருகிறார்கள். பாட்டில் வைக்காவிட்டால் கஞ்சத்தனம் என்பார்கள்.

கோமு (8:23): அப்பா, உங்கள் மாப்பிள்ளைதான் டம்ளர் போதும் என்கிறார்.

கணேஷ் (8:24): தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த கூட்டத்துக்குப் பாட்டில் எதற்கு? சொதிக்குப் பதில் வரவில்லை.

பார்வதி (8:26): சொதி மறுவீட்டுக்கு. இது வளைகாப்பு. புளியோதரை உண்டு, பேசாமல் சாப்பிடு.

பார்வதி (8:27): தாம்பூலப் பையைப் பற்றி மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. துணிப்பை. இருவருடைய பெயரும் போட்டு 200 அச்சடித்து வந்துவிட்டது. அத்தான் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தனுப்பினேன்.

(படம்)

கோமு (8:29): அம்மா, அது துணியே இல்லை.

பார்வதி (8:29): தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

சுந்தரம் பெரியப்பா (8:41): பார்வதி, பையின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பார். வராது. நெய்திருந்தால்தானே நூல் வரும்? இது பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. இன்னொரு சோதனையும் இருக்கிறது. செய்து காட்டுகிறேன்.

சரசு பெரியம்மா (8:52): அடுப்படியில் பையைக் கொளுத்திக்கொண்டிருக்கிறார். வீடு முழுக்க நாற்றம். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

சுந்தரம் பெரியப்பா (8:55): (படம்) பாருங்கள், உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகிவிட்டது. பருத்தியானால் சாம்பலாகியிருக்கும். இது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். தடை செய்த அந்த 14 வகையில் இந்த மாதிரிப் பையும் ஒன்று.

பார்வதி (8:57): பணம் கொடுத்தாகிவிட்டது அத்தான். இருநூறையும் இப்போது குப்பையில் போட்டால் அது மட்டும் நல்லதா?

முருகன் (8:58): நியாயமான கேள்வி.

வள்ளி அத்தை (9:20): என் வளைகாப்புக்கு அம்மா பனையோலைப் பெட்டியில் வைத்துத்தான் கொடுத்தாள். மணப்பாட்டிலிருந்து வரவழைத்தது. உள்ளே வெற்றிலை, பாக்கு, கண்ணாடி வளையல், ஒரு துண்டு கருப்பட்டி. மூடியைத் திறந்தாலே ஓலை வாசம் வரும்.

கணேஷ் (9:21): அதில் ஒரு பெட்டியில் இன்றும் என் பம்பரம் இருக்கிறது.

சங்கர் (9:40): நெல்லை எக்ஸ்பிரஸில் காத்திருப்போர் பட்டியல் 43. கிடைக்குமா?

சரசு பெரியம்மா (9:41): பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வராதே.

கணேஷ் (9:41): 43 எல்லாம் கிடைத்துவிடும்.

முருகன் (9:42): கிடைக்காது.

சரசு பெரியம்மா (10:05): (பலமுறை பகிரப்பட்டது) எச்சரிக்கை! சந்தையில் பிளாஸ்டிக் முட்டைக்கோஸ்! அனைவருக்கும் பகிரவும்!

சுந்தரம் பெரியப்பா (10:06): இது பொய்ச் செய்தி. தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

சரசு பெரியம்மா (10:06): நான் பக்கத்து அறையில்தான் இருக்கிறேன். நேரில் சொல்லலாம்.

கோமு (11:15): பாட்டில் என்ன ஆயிற்று? வாடகைக்கு டம்ளர் எடுக்கலாமா?

பார்வதி (11:17): எடுக்கலாம். பாதி நசுங்கியிருக்கும். யார் கழுவுவது? அதற்குத் தனியாக ஆள் வைக்க வேண்டும்.

சுந்தரம் பெரியப்பா (11:30): வாடகை எதற்கு? அம்மாவின் எவர்சில்வர் டம்ளர் 150 இருந்ததே. பழைய புடவை, வேட்டியெல்லாம் பாத்திரக்காரியிடம் போட்டுப் போட்டுச் சேர்த்தது. ஒவ்வொன்றிலும் விளிம்புக்குக் கீழே "சீ.கோ. 1974" என்று வெட்டியிருக்கும். அந்தக் காலத்தில் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் நம் வீட்டு டம்ளர்தான் போகும். எண்ணிக் கொடுப்பாள், எண்ணி வாங்குவாள்.

முருகன் (11:44): இருந்தது.

வள்ளி அத்தை (11:46): பதினாறாம் நாள் அன்றே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று நின்றது யார்?

கணேஷ் (11:46): சொதி...

பார்வதி (11:50): எங்கள் பங்கு 50 அப்படியே இருக்கிறது மதினி. சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

சங்கர் (11:52): எங்கள் வீட்டில் இரண்டில் அம்மா துளசி வைத்திருக்கிறார்.

சரசு பெரியம்மா (11:53): கற்பூரவல்லி.

கோமு (11:55): எனக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். ஆச்சி பெயரை எனக்கு வைத்தீர்கள். ஆச்சி டம்ளரையும் கொண்டு வாருங்கள், போதும்.

முருகன் (12:10): பார்க்கலாம்.

வள்ளி அத்தை (இரவு 10:48): (படம்) பரணிலிருந்து சாக்கை இறக்கிவிட்டேன். புளி போட்டுத் துலக்கினேன், பளபளவென்று இருக்கிறது. எண்ணினேன். 48தான் இருக்கிறது.

வள்ளி அத்தை (10:49): நோட்டில் 50 என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

கணேஷ் (10:50): அம்மா, தூங்கு.

சரசு பெரியம்மா (10:53): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

திங்கட்கிழமை

பார்வதி (காலை 6:40): கடைக்காரர் மறுபடி கேட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் நான்கு பெட்டி சொல்லி வைக்கிறேன். பையைப் பற்றி இவர் வந்ததும் பேசிக்கொள்கிறோம்.

கோமு (6:41): அம்மா!

சுந்தரம் பெரியப்பா (6:55): அந்த இரண்டு டம்ளர் குறித்து ஒரு விளக்கம். (1/3)