மோசஸின் குளிர்ந்த தண்ணீர்: இந்தக் கதையை இன்னும் எத்தனை நாள் சொல்வீர்கள்?

கணக்குப்பிள்ளை
பூங்காக்கள் பற்றிய இழையில் நேற்று ஒருவர் போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: "1936இல் ராபர்ட் மோசஸ் நியூயார்க்கில் கட்டிய நீச்சல்குளத்தில், கறுப்பர்கள் வரக்கூடாது என்பதற்காகவே தண்ணீரைச் சூடாக்காமல் விட்டார்கள். பொதுப் பூங்கா நிர்வாகத்தின் லட்சணம் அவ்வளவுதான்." அதற்குக் கீழே ஆறேழு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். ஒருவராவது ஆதாரம் கேட்கவில்லை.

கேட்கத் தெரியாதவர்களுக்காக நானே சொல்கிறேன். 1934 ஜனவரி வரை நியூயார்க்கின் ஐந்து பகுதிகளுக்கும் ஐந்து தனித்தனிப் பூங்கா ஆணையர்கள் இருந்தார்கள். மேயர் லாகார்டியா அவற்றை ஒரே துறையாக்கி மோசஸிடம் கொடுத்தார். நாடு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். ஆற்றில் சாக்கடை கலந்து கிடந்தது, அதில்தான் ஏழைப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். மத்திய அரசின் நிவாரண வேலைத் திட்டப் பணத்தையும் ஆட்களையும் வைத்து, 1936 கோடை ஒன்றிலேயே 11 பெரிய நீச்சல்குளங்களைத் திறந்தார் அந்த மனிதர். முதலாவது ஹாமில்டன் ஃபிஷ் பூங்காவில், ஜூன் 24. மூன்று நாள் கழித்துக் கிழக்கு ஹார்லெமின் தாமஸ் ஜெஃபர்சன் பூங்காவில். நீங்கள் 'குளிர்ந்த தண்ணீர்' என்று சொல்வது இந்த இரண்டாவது குளத்தைத்தான்.

அடுத்து வந்த ஜூலை 9 அன்று நியூயார்க்கில் வெயில் 106 டிகிரி ஃபாரன்ஹீட். அந்த நகரத்தின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம், இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. 106 டிகிரியில் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது என்று யாராவது திரும்பிப் போவார்களா? யோசிக்க வேண்டாமா?

நெய்தல்
"ஒருவர்" என்று ஏன் மறைத்துச் சொல்கிறீர்கள்? எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், பழகிவிட்டது.

இது நான் கட்டிய கதை அல்ல. ராபர்ட் கேரோ 1974இல் வெளியிட்ட மோசஸ் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. மற்றக் குளங்களில் தண்ணீரை 70 டிகிரிக்குக் கொண்டுவந்தவர்கள் இந்த ஒரு குளத்தை மட்டும் அப்படியே விட்டார்கள். உயிர்காப்பாளர்களும் பணியாளர்களும் வெள்ளையர்களாகவே நியமிக்கப்பட்டார்கள். கறுப்பர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று மோசஸ் உண்மையாகவே நம்பினார் என்கிறது அந்தப் புத்தகம். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசும் வாங்கியது.

ஒரு நாள் வெயிலைச் சொல்லி ஒரு கோடையையே மூடப் பார்க்கிறீர்கள். ஜூலை 9 தவிர வேறு நாளே அந்தக் குளத்துக்கு இல்லையா?

கணக்குப்பிள்ளை
புலிட்சர் பரிசு எப்போது வெப்பமானியாகியது?

1,200 பக்கங்களுக்கு மேல் எழுதியவர் ஒரே ஒரு எரிபொருள் ரசீதைக் காட்டியிருக்கலாமே? மோசஸிடம் வேலை பார்த்தவர்கள் பல வருடம் கழித்துச் சொன்னதை வைத்து எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் துறையின் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு ஆவணச் சான்று இல்லை என்றார்கள். மோசஸே தன் 85ஆவது வயதில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்துக்கு 23 பக்கம் மறுப்பு எழுதினார். அதைப் படித்தீர்களா?

மீண்டும் கேட்கிறேன். 106 டிகிரி. குளிர்ந்த தண்ணீர். யார் திரும்பிப் போனார்கள்?

மதகடி
கணக்குப்பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். "இன்று கறுப்பர்களை விரட்டுவதற்காக நிலக்கரி மிச்சம் பிடித்தோம்" என்று எந்த அதிகாரி பேரேட்டில் எழுதி வைப்பார்?

1931இல் பிட்ஸ்பர்க் நகரம் ஹைலண்ட் பூங்காவில் பெரிய நீச்சல்குளம் திறந்தது. கறுப்பர்கள் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. வந்தவர்களை அடித்து விரட்டினார்கள், போலீஸ் வேடிக்கை பார்த்தது. 1919இல் சிகாகோ ஏரிக்கரையில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டி மிதந்து போனான் என்று யூஜின் வில்லியம்ஸ் என்ற பையன் மீது கல்லெறிந்தார்கள். தண்ணீரிலேயே செத்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். அங்கேயும் ரசீது தேடுவீர்களா?

கணக்குப்பிள்ளை
தம்பி, சிகாகோ நியூயார்க் அல்ல. ஏரி நீச்சல்குளம் அல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்றால் பக்கத்து ஊருக்கு ஓடுவது உங்கள் வழக்கம். ட்ராம் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள், கல்கத்தாவுக்கு ஓடினீர்கள்.

மதகடி
நான் உங்களுக்குத் தம்பி இல்லை. என் மகனுக்குக் கல்யாணமாகி இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ட்ராம் விவாதத்தில் ஓடியது யார் என்று அந்த இழை இன்னும் திறந்துதான் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

ஆலங்குடியான்
எல்லோருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். பாகுபாடு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? சட்டப்படி தடுப்பதையா, நடைமுறையில் வரவிடாமல் செய்வதையா? நியூயார்க் மாநிலத்தில் பொது இடங்களில் நிறத்தைக் காட்டி ஒதுக்குவதைச் சட்டம் அப்போதே தடை செய்திருந்தது. ஆகவே முதலில் இதைத் தெளிவாக்கிக்கொண்டால், தண்ணீர் சூடா குளிரா என்பது அவ்வளவு முக்கியமில்லை என்று தோன்றுகிறது.

கணக்குப்பிள்ளை
தண்ணீர் முக்கியமில்லையா? இழையே அதுதான் ஐயா.

சரி, குளிர்ந்த தண்ணீர் கோஷ்டிக்கு இன்னொரு கேள்வி. அதே கோடையில், ஆகஸ்ட் 8 அன்று, ஹார்லெமின் நடுவே காலனியல் பூங்காவில் இன்னொரு குளம் திறந்தார்கள். இன்று அது ஜாக்கி ராபின்சன் பூங்கா. திறப்பு விழாவுக்குக் கறுப்பின நடனக் கலைஞர் பில் ராபின்சன் வந்தார். கூட்டம் அலைமோதியது. கறுப்பர்களைக் கண்டாலே ஆகாதவர் அவர்கள் குடியிருப்பின் நடுவில் எதற்காக இவ்வளவு பெரிய குளம் கட்டினார்?

தாமஸ் ஜெஃபர்சன் பூங்கா யாருடைய தொகுதி தெரியுமா? லாகார்டியா மேயர் ஆவதற்கு முன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பிரதிநிதியாக இருந்த கிழக்கு ஹார்லெம். தன் பழைய தொகுதியில் அப்படி ஒரு சதி நடந்தால் அவர் சும்மா இருந்திருப்பாரா?

நெய்தல்
உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அவர்களுக்கென்று தனியாக ஒன்றைக் கட்டிக் கொடுத்தால், இத்தாலியர் வட்டாரமான கிழக்கு ஹார்லெமின் குளத்துக்கு வர மாட்டார்கள். ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுத்த தர்மவான்களை நாம் பார்த்ததே இல்லையா?

கேரோ கணக்குப்படி 1930களில் மோசஸ் அமைத்த 255 விளையாட்டு மைதானங்களில் ஹார்லெமுக்கு வந்தது ஒன்றே ஒன்று. அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுங்கள்.

ஆலங்குடியான் சட்டம் இருந்தது என்கிறார். மஹாட் நகராட்சிகூடத்தான் 1924இல் சவ்தார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927இல் அம்பேத்கர் தலைமையில் போய்த் தண்ணீர் குடித்தவர்களை அடித்தார்கள். தீர்மானம் காகிதத்தில் பத்திரமாக இருந்தது.

கணக்குப்பிள்ளை
255இல் ஒன்று என்பதும் அதே புத்தகம், அதே ஆசிரியர். அந்த எண்ணிக்கையையும் மறுத்திருக்கிறார்கள். ஒரே கிணற்றில் எத்தனை தடவை இறைப்பீர்கள்?

அமெரிக்காவில் ஆரம்பித்து மஹாட் வரைக்கும் வந்துவிட்டோம். இனி வைக்கம்தான் பாக்கி.

மதகடி
ஏன், வைக்கம் வந்தால் வலிக்கிறதா?

பொரிவிளங்காய்
106 என்று இதுவரை எத்தனை முறை வந்திருக்கிறது என்று யாராவது எண்ணுங்கள். எனக்கே காய்ச்சல் வரும்போல இருக்கிறது. செல்சியஸில் 41 என்று போட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பழையதாள்
எல்லோரும் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறீர்கள், வாசலில் நடந்ததை யாரும் பேசவில்லை. அந்தக் குளங்கள் இலவசமில்லை. பெரியவர்களுக்கு 20 சென்ட், குழந்தைகளுக்கு 10 சென்ட். பொருளாதார மந்தக் காலம் அது, வேலையில்லாதவன் மூன்று பிள்ளைகளோடு வந்தால் அரை டாலர் வைக்க வேண்டும். ஏழைகளைத் தடுக்கக் குளிர்ந்த தண்ணீர் எதற்கு? டிக்கெட்டே போதும்.

கணக்குப்பிள்ளை
அரைகுறையாகப் படித்துவிட்டு வரக்கூடாது. வார நாட்களில் காலை வேளை 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். மதியம் ஒரு மணிக்குப் பிறகுதான் கட்டணம்.

கட்டணம் இல்லாமல் எப்படி நடத்துவது? தண்ணீரை வடிகட்ட வேண்டும், குளோரின் போட வேண்டும். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் பாதம் நனைக்கும் தொட்டியைக் கடந்து, குளித்துவிட்டுத்தான் குளத்தில் இறங்க முடியும். துணிமணி வைக்க இடம் தர வேண்டும். இரவில் நீந்துவதற்குத் தண்ணீருக்கடியில் விளக்கு. கோடை முடிந்ததும் தண்ணீரை இறைத்துவிட்டு, அதே தொட்டிக்குள் கூடைப்பந்தும் கைப்பந்தும் ஆட விட்டார்கள். உடை மாற்றும் கட்டடம் குளிர்காலத்தில் உடற்பயிற்சிக் கூடமானது. ஒரு செங்கலும் ஒன்பது மாதம் சும்மா கிடக்கக்கூடாது என்று திட்டமிட்ட மனிதர் அவர். அஸ்டோரியா குளத்தில் திறந்த சில நாட்களிலேயே ஒலிம்பிக் தேர்வுப் போட்டி நடத்தினார்கள். நம் ஊரில் ஒரு பூங்காவில் ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் மாற்ற எத்தனை வருடம் ஆகிறது?

இத்தனையும் செய்தவரிடம் உங்களுக்குத் தெரிந்தது தண்ணீர் குளிர்ந்தது மட்டும்தான்.

பழையதாள்
இலவசம் காலையில் பிள்ளைகளுக்கு. அப்பனுக்கு இல்லையே? நான் சொன்னதில் எது தவறு?

கணக்குப்பிள்ளை
"அந்தக் குளங்கள் இலவசமில்லை" என்று எழுதினீர்கள். காலையில் இலவசம். தவறு.

பழையதாள்
மதியம்?

கணக்குப்பிள்ளை
காலையில் இலவசம்.

நெய்தல்
"அவர் கட்டினார், அவர் திறந்தார்" என்கிறீர்கள். பணம் வாஷிங்டனுடையது. ஒரு குளத்துக்குச் சுமார் பத்து லட்சம் டாலர். அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு மோசஸைக் கண்டால் ஆகாது. ட்ரைபரோ பால நிர்வாகத்திலிருந்து அவரைத் தூக்குவதற்காகவே ரூஸ்வெல்ட்டின் அமைச்சர் ஐக்ஸ் ஓர் உத்தரவு போட்டார், பலிக்கவில்லை. இவ்வளவு பகைக்கு நடுவிலும் ரூஸ்வெல்ட் அரசு பணம் கொடுத்தது. வேலை செய்தவர்கள் நிவாரணக் கூலிக்காரர்கள். புகழ் மட்டும் மோசஸுக்கா?

கணக்குப்பிள்ளை
பணம் எல்லா நகரத்துக்கும்தான் கொடுத்தார்கள். திட்டத்தையும் வரைபடத்தையும் தயாராகக் கையில் வைத்திருந்தவர் மோசஸ். அதனால்தான் நியூயார்க் அள்ளிக்கொண்டு போனது. பணம் இருந்தும் செலவழிக்கத் தெரியாமல் திருப்பி அனுப்புகிற துறைகளை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

நல்லவேளை, வாஷிங்டன்தான் தண்ணீரைக் குளிரவைத்தது என்று சொல்லாமல் விட்டீர்கள்.

மதகடி
உங்கள் வாதம் எனக்கு இப்போதுதான் புரிகிறது. நன்றாகக் கட்டினார், ஆகவே பாகுபாடு காட்டியிருக்க முடியாது. திறமைசாலி என்றால் நல்லவராகத்தான் இருப்பாரா?

கணக்குப்பிள்ளை
நல்லவர் என்று நான் எங்கே எழுதினேன்? மேற்கோள் காட்டுங்கள். ஏழைகளின் வீடுகளை இடித்துச் சாலை போட்டவர், ஆணவம் பிடித்தவர். எல்லாம் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் எத்தனை டிகிரி? ஜூலையில் அந்தக் குளத்துத் தண்ணீர் எத்தனை டிகிரி இருந்தது என்று யாராவது ஒரு எண் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நெய்தல்
மற்றக் குளங்களைச் சூடாக்கியதற்கான ரசீதை நீங்கள் காட்டுங்கள், நான் மூடிக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை
குற்றம் சாட்டியவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ஆலங்குடியான்
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சட்டமா, நடைமுறையா?

பொரிவிளங்காய்
ஆலங்குடியான் ஐயா, உங்கள் கேள்விக்கு இந்த இழையில் இடமில்லை. வார நாளில் காலையில் வாருங்கள், இலவசம்.

மட்டுறுத்துநர்
தனிப்பட்ட சீண்டல்களைத் தவிர்க்கவும். வைக்கம் குறித்து வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

மதகடி
நான்கில் மூன்று என்னுடையவை. 'தம்பி' அப்படியே இருக்கிறது. நியாயம் நன்றாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
நிர்வாகத்துக்கு நன்றி. குளிர்ந்த தண்ணீர்க் கதை எப்படிப் பிறந்தது, எப்படிப் பரவியது என்பதை நாளை முதல் தனி இழையில் பன்னிரண்டு பகுதிகளாக எழுதப்போகிறேன். அங்கே ஆதாரத்தோடு வருகிறவர்கள் மட்டும் வரலாம்.

மதகடி
ட்ராம் பற்றிப் பத்துப் பகுதி என்று அறிவித்தீர்கள். முதல் பகுதியோடு நிற்கிறது.

கணக்குப்பிள்ளை
அது நின்றதற்குக் காரணம் நான் அல்ல. நான் ஏற்றிய படங்களை நிர்வாகம் நீக்கியது. எதற்காக நீக்கினீர்கள் என்று அன்றே கேட்டேன், பதில் இல்லை.

மட்டுறுத்துநர்
அந்தப் படங்கள் உங்களுடையவை அல்ல. வேறொரு உறுப்பினர் தன்னுடையவை என்று புகார் கொடுத்திருந்தார்.

கணக்குப்பிள்ளை
யார் அந்த உறுப்பினர்? பெயரைச் சொல்லுங்கள்.

பழையதாள்
நான்தான்.