கடைக்குத் தமிழிலேயே வலை முகவரி வைக்கலாமா?

தாராவி முறுக்குக்கடை:
வணக்கம். தாராவி 90 அடி சாலையில் அம்மா முறுக்குக் கடை வைத்திருக்கிறார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். புதுப் பையில் வலை முகவரியும் அச்சடிக்கப் போகிறோம். அம்மா தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி ‘கௌரிமுறுக்கு.இந்தியா’ என்று வைக்க எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் போன வாரம் பணம் வாங்கும் சேவை ஒன்றின் படிவத்தில் சோதனைக்கு ஒரு தமிழ் முகவரியைக் கொடுத்தேன், ‘தவறான முகவரி’ என்று சிவப்பில் காட்டியது. பின்னால் தொல்லையாகுமா?

செம்பூர் சர்வர்காரன்:
தாராளமாக வையுங்கள். பெயரைக் கொடுத்தால் தளம் இருக்கும் இடத்தைத் தேடித் தரும் டிஎன்எஸ் பழக்கத்தில் ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு இவற்றை வைத்தே ஓடுகிறது. அதனால் பிரவுசர் உங்கள் தமிழ்ப் பெயரை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கி இரண்டு கோடு போட்ட ஆங்கிலக் கோவையாக மாற்றி அனுப்பும். பியூனிகோட் என்பார்கள், 2003-இல் வந்த முறை. எங்காவது அந்தக் கோவை தெரிந்தால் பயப்படாதீர்கள், அதுவும் உங்கள் கடைதான்.

அந்தப் படிவத்தை எழுதியவர், முகவரி என்றால் ஏ முதல் இசட் வரைதான் என்று நினைத்திருப்பார். தப்பு அவருடையது. எக்ஸ்என் வடிவத்தை அங்கே ஒட்டிப் பாருங்கள், பல இடங்களில் ஏற்றுக்கொள்ளும்.

மின்னஞ்சலில்தான் நிதானம் வேண்டும். @ குறிக்கு முன்னாலும் தமிழ் வர 2012-லேயே பொது விதிமுறை வந்துவிட்டது. ஆனால் அனுப்புகிற சர்வர், வாங்குகிற சர்வர் இரண்டுமே அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஒரு ஆர்டர் தொலைந்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். அதனால் ஆர்டர் வரும் முகவரி ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்திலும் ஒரு பெயர் வாங்கி, அதே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

மாட்டுங்கா அச்சகம்:
அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். ‘கௌ’வை ஔகாரக் குறி போட்டும் தட்டலாம். பலர் ‘கெ’ தட்டி, பக்கத்தில் ‘ள’ தட்டிவிடுகிறார்கள். பையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், கணினிக்கோ இரண்டும் வேறு பெயர். அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டுங்கள். ‘க’ மிஞ்சினால் சரி. ‘கெ’ மிஞ்சினால் அங்கே ள உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தாராவி முறுக்குக்கடை:
அண்ணா, தட்டிப் பார்த்தேன், ‘கெ’தான் மிஞ்சியது! கோப்பைத் திருத்திவிட்டேன். அப்புறம் அம்மாவிடம் கைபேசியைக் கொடுத்துக் கடைப்பெயரைத் தட்டச் சொன்னேன். அம்மாவும் யோசிக்காமல் ‘கெ’, அடுத்து ‘ள’ என்றே தட்டினார். வாடிக்கையாளர்களும் அப்படித்தானே தட்டுவார்கள்? இரண்டு எழுத்திலும் பெயர் கிடைக்குமா என்று பதிவு செய்யும் இடத்தில் நாளைக்கே கேட்கிறேன்.