புதிய வைஃபையில் இணையாத ஸ்ட்ரீமிங் ஸ்டிக்

கேள்வி: ரூட்டரை மாற்றிய பின்னும், தொலைக்காட்சியில் செருகியுள்ள ஸ்ட்ரீமிங் ஸ்டிக் பழைய வைஃபையையே தேடிக்கொண்டிருக்கிறது. ரிமோட் தொலைந்துவிட்டதால் கைப்பேசிச் செயலியின் வழியாக முயன்றேன்; சாதனம் எதுவும் இல்லை என்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: கைப்பேசியும் ஸ்டிக்கும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் செயலிக்கு ஸ்டிக் புலப்படும். ஆகவே வேறொரு கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஓர் எழுத்தும் மாறாமல் அதற்குக் கொடுத்தால், ஸ்டிக் ஏமாந்து தானாகவே இணைந்துகொள்ளும். செயலியுள்ள கைப்பேசியையும் அதில் இணைத்து, செயலியின் வழியாக ஸ்டிக்கின் அமைப்புகளில் புதிய வைஃபையைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் 2: பழைய ஸ்டிக்குகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்: மாற்றியதும் இணைந்துவிட்டது. பழைய பெயரின் நடுவே இருந்த இடைவெளியை விட்டுவிட்டதால் முதன்முறை தோற்றேன். நன்றி.